நிருஷாவுக்கு ஒரு வாழ்த்துமடல்

— ‘இருண்ட கண்டத்துக்கு ஒளியேற்றிய’ எண்டதை முதல் வெட்டுங்கோ, அப்பா. அங்கை பத்து மணிக்கே வெயில் கண்ணைக் குத்தும்.

— எடி நிருஷா, வாழ்த்துமடல் எண்டா முதல் வரியிலை ஒரு விளக்கு எரியத்தான் வேணும். நான் இருபத்துநாலு வருசமா இஞ்சை தமிழ் மன்றத்துக்குச் செயலாளர். முருகேசு எண்டா வாழ்த்துமடல் எண்டு கொலோன் முழுக்கத் தெரியும். போன வருசம் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை பென்சன் எடுக்கேக்கை ‘வீதிகளை வென்ற வேந்தே’ எண்டு துவங்கினன். மண்டபமே எழும்பி நிண்டு கைதட்டினது.

— அவர் பஸ் ஓடின காலத்திலை ரெண்டு தரம் டிராமோடை மோதினவர்.

— வாழ்த்துமடலிலை அதெல்லாம் எழுதுறேல்லை. சும்மா இரு, அச்சகம் ஆறு மணிக்குப் பூட்டிப்போடும், சனிக்கிழமை உன்ரை வரவேற்பு விழா. அடுத்தது கேள்: ‘எழுத்தறியா மழலையர்க்கு ஏடெடுத்துத் தந்தவளே.’

— டோகோவிலை நான் இருந்த கிராமத்திலை ஆறு வாத்திமார் இருக்கினம். தொண்டு செய்ய வந்த பிள்ளை எண்டு என்னையும் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினவை. என்ரை பிரெஞ்சைக் கேட்டிட்டுத் தலைமை வாத்தியார் என்னை ரெண்டாம் வகுப்பு வாங்கிலை கொண்டுபோய் இருத்தினார்.

— படிப்பிக்கவோ?

— படிக்க. ஊர்ப் பாஷையை அஃபி அக்கா சொல்லித்தந்தவ. நான் தங்கின வீட்டுக்காரி, அம்மாவின்ரை வயசு இருக்கும். பின்னேரம் சோளம் உதிர்க்கேக்கை ஒவ்வொரு சாமானாத் தூக்கிக் காட்டி அதின்ரை பேரைச் சொல்லச் சொல்லுவா. பிழையாச் சொன்னா சோளப்பொத்தியாலை முழங்காலிலை ஒரு தட்டு.

— அப்ப ஒரு நாளிலை நீ என்னதான் செய்தனீ?

— காலமை தண்ணி. பேந்து ரெண்டாம் வகுப்பு. மத்தியானம் எல்லாரோடையும் மரத்துக்குக் கீழை நித்திரை. பின்னேரம் சோளம்.

— இதை மேடையிலை வாசிக்கேலாது. ‘பசித்தோர்க்கு அன்னமிட்ட அன்னபூரணியே.’ இதிலை என்ன குறை? நீ அடுப்படியிலை நிக்கிற படத்தை நூற்றி இருபது பேருக்கு அனுப்பினனான்.

— அண்டைக்கு நான் கிண்டின களியை ஆடு மணந்துபார்த்திட்டுத் திரும்பிப் போனது. அஃபி அக்கா சட்டியைக் கழுவி, புதுசாக் கிண்டி, முதல் பங்கை எனக்கு வைச்சா. வருசம் முழுக்க முதல் பங்கு எனக்குத்தான். மற்ற ஜேர்மன் பிள்ளையள் கரண்டி தேடேக்கை நான் வலக்கையாலை குழைச்சுச் சாப்பிட்டதைப் பார்த்திட்டு, இவளை ஆரோ ஒழுங்கா வளர்த்திருக்கினம் எண்டு சொன்னவ.

— ஆர், நாங்கள்தானே? அதை எழுதலாம்.

— எழுதாதேங்கோ.

— ‘தாகம் தீர்த்த தடாகமே.’

— தண்ணிப் பம்பை அஃபி அக்காவும் பொம்பிளையள் சங்கமும் தாங்களே கழட்டித் திருத்திப் பூட்டினவை. நான் ஸ்பனரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நான் தலையிலை தண்ணி தூக்கினா, வீட்டை வரேக்கை பாதி பாத்திரத்திலை, பாதி சட்டையிலை. பின்னாலை ஏழெட்டுச் சின்னனுகள் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வருங்கள்.

— அந்த ஸ்பனர் படத்தைப் பார்த்திட்டு எங்கடை மன்றத்து வத்சலா பொறாமையிலை ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை, தெரியுமே? முருகேசுவின்ரை பெட்டை படிப்பை விட்டிட்டு ஆபிரிக்காவிலை ஒரு வருசத்தை வீணாக்குது எண்டு ஊர் முழுக்கச் சொன்னது அவதான். நீ பிளேன் ஏறிப் போட்டாய். கோயிலிலை, கலியாண வீட்டிலை, முடிவெட்டுற கடையிலை, நிண்டு பதில் சொன்னது நான். சனிக்கிழமை அவ முன்வரிசையிலை இருப்பா. அவவின்ரை மகன் லக்ஸன் ஸ்டுட்கார்ட்டிலை இஞ்சினியராம். என்ரை பிள்ளைக்கு ஒரு நாள் கிடைக்கக் கூடாதே?

— எனக்கு அது விளங்குது, அப்பா. ஆனா விழாவை நேரலையிலை பார்க்கச் சொல்லி அந்த ஊருக்கும் அனுப்பிப்போட்டியள்.

— பின்னே? அவையும் பார்க்கட்டும்.

— பார்க்கத்தான் போகினம். அஃபி அக்கா முற்றத்திலை கதிரை போட்டு அயலட்டை முழுக்கக் கூப்பிட்டிருக்கிறா. தமிழ் விளங்காதபடியா, நான் போனிலை ஒவ்வொரு வரியா அவையின்ரை பாஷையிலை சொல்லிக்கொண்டு வரவேணுமாம். அவவின்ரை சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டு, நான்தான் உங்களுக்கு அன்னம் போட்டனான் எண்டு அவவின்ரை முற்றத்திலையே சொல்லச் சொல்லுறியளே?

— கொஞ்சம் மழுப்பிச் சொல்லேலாதே?

— நான் மழுப்பினா குரலிலையே பிடிச்சிடுவா. பேந்து நான் எந்த முகத்தோடை அவவோடை கதைக்கிறது?

— சரியடி, சரி. கடைசி வரியிலை மட்டும் கைவைக்காதை. அது நான் கண்கலங்கி எழுதினது. ‘நோயில் துவண்டோர் தலைமாட்டில் கண்விழித்த கருணையே.’

— ஒக்டோபரிலை எனக்கு மலேரியா வந்தது.

— என்ன சொல்லுறாய்?

— மெல்லக் கதையுங்கோ, அம்மா உள்ளுக்கு நிக்கிறா.

— வெறும் தடிமன், இருமல் எண்டெல்லோ சொன்னாய்.

— உண்மையைச் சொல்லியிருந்தா அம்மா அடுத்த பிளேன் ஏறியிருப்பா. நீங்கள் மன்றத்திலை கூட்டுப் பிரார்த்தனை வைச்சு அதையும் நேரலையிலை போட்டிருப்பியள். அஃபி அக்கா என்னை மோட்டர்சைக்கிளிலை தனக்குப் பின்னாலை இருத்தி, விழுந்திடுவன் எண்டு துணியாலை தன்னோடை சேர்த்துக் கட்டி, பதினொரு கிலோமீற்றர் ஓடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவ. என்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்தவ. நான் கண் முழிச்ச நேரமெல்லாம் அவவின்ரை கை என்ரை நெத்தியிலை கிடந்தது.

— எத்தினை நாள்?

— மூண்டு நாள்.

— நித்திரை கொள்ளாமலோ.

— ஓம், அப்பா. இப்பவாவது விளங்குதே? உங்கடை மடலிலை எனக்கெண்டு ஒரு வரியும் நிக்காது. கிழிச்சுப்போட்டு, நிருஷா போயிட்டு வந்தவள், நன்றி எண்டு ரெண்டு சொல்லு எழுதி அச்சகத்துக்கு அனுப்புங்கோ.

— கிழிக்கிறதோ? இருபத்துநாலு வருசத்திலை உண்மையான வாழ்த்துமடல் ஒண்டு இண்டைக்குத்தான் என்ரை கையாலை வந்திருக்கு. வத்சலாவுக்கு நான் பேந்து பதில் சொல்லுறன். அஃபியின்ரை முழுப்பேரைச் சொல்லு, பிள்ளை, தலைப்பிலை போடவேணும்.