பன்னண்டாம் பக்கத்து சம்பால்

– மாத்த முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு தம்பி. வியாக்கியானம் வேணாம்.

– அண்ணி, இது பிடிஎஃப் லா. வேர்ட் ஃபைலா இருந்தா ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம். இது அச்சுக்குப் போறதுக்காகக் கட்டி முடிச்சு வச்சது.

– சுங்கைப்பட்டாணி ஃபேக்டரில கம்ப்யூட்டரோடதானே குடும்பம் நடத்துற? புவனேசனால ஆகாதது ஒண்ணுமில்லன்னு உங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.

– அண்ணன் சொல்லுவாரு. வீட்டு ஃபேன் நின்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாரு. சரி, எதை மாத்தணும்?

– பன்னண்டாம் பக்கம். கருவாட்டு சம்பால். அதுக்குக் கீழ லோகேஸ்வரின்னு பேரு போட்டிருக்கு. அதைத் தூக்கிட்டு புஷ்பவள்ளின்னு என் பேரைப் போடு.

– இது பள்ளிக்கூடத் தாய்மார் குழு போடுற சமையல் புத்தகம்தானே? பக்கமெல்லாம் கட்டிக் கொடுத்தது செலஸ்டின். அவன்கிட்டயே சொல்லலாமே.

– அவன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் லோகா காதுல விழும். நான் குழுவுக்குச் செயலாளர். நான் ஒரு தடவை பார்த்துட்டு வாட்சப் குரூப்ல போட்டாத்தான் அச்சுக்குப் போவும். நாலு மணிக்குள்ள போடணும். இப்பவே மூணேகால்.

– நீங்க முழுசா பார்த்துட்டீங்களா?

– என்னாத்த பாக்குறது? பன்னண்டாம் பக்கம் வந்துச்சு. என் சம்பாலுக்குக் கீழ அவ பேரு. எனக்கு நெஞ்சு எரிஞ்சிடுச்சு. போனை மூடிட்டு நேரா இங்க வந்துட்டேன், மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கல.

– ஒருவேளை லோகா அக்காவும் அதே மாதிரி செய்வாங்களோ என்னவோ.

– தம்பி! தஞ்சோங் டாவாய் போயி கருவாடு பார்த்து வாங்குறது நானு. பெலாச்சான் இறால் விழுதைச் சுட்டு இடிக்கிறது நானு. பதினோரு வருஷமா ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடக் கண்டீன்ல நிக்கிறோம். நான் கிண்டுவேன், அவ தட்டுல போடுவா. பிள்ளைங்க யாருக்கு நன்றி சொல்லும்? தட்டுல போட்டவளுக்கு!

– சின்னப் பிள்ளைங்கதானே அண்ணி.

– பெரியவங்க மட்டும் என்னா? தலைமையாசிரியர் வந்தா, “லோகேஸ்வரி, சம்பால் பிரமாதம்”பாரு. அவளும் சிரிப்பா. இப்ப அவதான் குழுவுக்குத் தலைவி. பேப்பர்ல போட்டோ. அதுல நானும் நின்னேன், தர்மலிங்கம் வாத்தியார் தோளுக்குப் பின்னாடி என் பாதிக் காது தெரியும்.

– அந்தக் காதை நான் பார்த்தேன். தோடு நல்லா இருந்துச்சு.

– கிண்டல் பண்ணு. என் வீட்டு மல்லிச்செடியில ஒரு கிளை வெட்டிக் கொடுத்தேன். அவ வீட்டுல கொத்துக் கொத்தா பூக்குது. என்னோடது மொட்டோட நின்னுக்கிட்டு என்னைப் பாக்குது. என்கிட்ட இருக்குறதை எல்லாம் அவ எடுத்துக்குறா தம்பி. எடுத்து, என்னைவிட நல்லா வச்சிக்கிறா. அதுதான் எனக்குத் தாங்கல.

– பொறாமைன்னு நேராவே சொல்லிட்டீங்க.

– ஆமா, பொறாமைதான். ராத்திரி தூக்கம் வரல, போதுமா? ஆனா சம்பால் என்னோடது. அதுல பொய் இல்ல. நீயே சொல்லு, ஏழு வருஷமா என் கையால சாப்பிடுற.

– சம்பால் உங்களோடதுதான், அதுல சந்தேகமே இல்ல. சமையல் குறிப்பு அவங்ககிட்ட எப்படிப் போச்சு?

– போன வருஷம் கரண்டியும் நோட்டுமா வந்து நின்னா. நான் ஒரு கை உப்புன்னா, கையைப் பிடிச்சு நிறுத்தி கரண்டியில அளந்துக்குவா. “நீ சொல்லு புஷ்பா, நான் எழுதிக்கிறேன்”னா. நானும் ஏமாந்து சொன்னேன்.

– சரி, உக்காருங்க. இதுக்கு மௌஸ் உதவாது, கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கணும். முதல்ல கியூபிடிஎஃப்னு ஒண்ணு. உள்ள இருக்குற எழுத்தெல்லாம் இறுக்கிக் கட்டிக் கிடக்கும், அது மூட்டையை அவிழ்த்து விடும்... இந்தா, அவிழ்ந்துருச்சு.

– இதென்னா, எல்லாம் நம்பரா இருக்கு? என் சம்பால் எங்க?

– இதுதான் உங்க சம்பால். தமிழ் எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். எந்த நம்பர் எந்த எழுத்துன்னு உள்ளேயே ஒரு பட்டியல் இருக்கு. ஆனா அண்ணி, ஒரு சிக்கல் வரும்.

– என்னா சிக்கல்?

– புத்தகத்துல எந்த எழுத்தெல்லாம் வருதோ, அந்த எழுத்து மட்டும்தான் ஃபைலுக்குள்ள இருக்கும். அதுல வராத எழுத்தைப் போட்டா வெறும் கட்டம்தான் வரும். உங்க பேருல ‘ஷ்’ இருக்கு. சமையல் புத்தகத்துல ‘ஷ்’க்கு எங்க போறது?

– என் பேருக்கு எழுத்துக்கூட இல்லையா? பாரு, என் நேரத்தைப் பாரு.

– இருங்க, பட்டியலைப் பாக்குறேன்... அலாமாக், இருக்கு! ‘ஷ்’ இருக்கு அண்ணி. எப்படி வந்துச்சுன்னு தெரியல.

– எவளாவது கேஷ்யூ போட்டு கேக் செஞ்சிருப்பா. வந்துச்சுல்ல, வேலையைப் பாரு.

– சரி. லோகேஸ்வரியோட நம்பர் வரிசை இது. எத்தனை இடத்துல வருதுன்னு எண்ணச் சொல்றேன்... மூணு.

– மூணா!

– மூணு இடம். எந்தப் பக்கம்னு இதுல நேராத் தெரியாது. கொஞ்சம் தேடணும்.

– தேடவே வேணாம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, போட்டோவுக்கு அடியில ஒண்ணு. ஒரு சம்பாலுக்கு மூணு தடவை பேரைப் போட்டுக்கிட்டா பாத்தியா? அப்படி விளம்பரம் பண்றவதான் அவ!

– எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமே அண்ணி. கொஞ்சம் மாறினாலும் சுசா லா, அப்புறம் சிரமம்.

– அவ பெருமையை நான் உக்காந்து படிக்கணுமா? மணி மூணே முக்கால். மூணையும் மாத்து.

– ‘செட்’னு ஒரு கமாண்ட். பழசு இது, புதுசு இது, எல்லா இடத்துலயும் மாத்துன்னு சொன்னா ஒரே தட்டுல மாத்திடும். கேள்வி கேக்காது.

– உன்னைவிட நல்ல பிள்ளையா இருக்கே. அடி.

– அடிச்சாச்சு. திரும்ப மூட்டை கட்டுறேன்... இந்தாங்க, பன்னண்டாம் பக்கம்.

– புஷ்பவள்ளி! எவ்வளவு லட்சணமா இருக்கு. யாரும் கை வச்ச மாதிரியே தெரியல. என் போனுக்கு அனுப்பு.

– அனுப்பிட்டேன். உடனே போட்டுடாதீங்க, மத்த ரெண்டு இடம்...

– போட்டுட்டேன்.

– அண்ணி!

– மணி ஆயிடுச்சுல்ல. குரூப்ல அறுபத்திரண்டு பேரும் பாக்கட்டும். இன்னைக்கு அவ பாதிக் காதோட நிக்கட்டும். ஏன் தம்பி மூஞ்சி இப்படிப் போவுது?

– பன்னண்டாம் பக்கத்துல பேரு ஒரு தடவைதான் இருக்கு.

– மத்த ரெண்டும்?

– கடைசிப் பக்கம். அண்ணி... படிக்கிறேன், கேளுங்க. “அடுப்பு பற்ற வைக்கக்கூடத் தெரியாமல் கண்டீனுக்கு வந்த புஷ்பவள்ளிக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த என் தோழி புஷ்பவள்ளிக்கு இந்தப் புத்தகம். அன்புடன், புஷ்பவள்ளி.”

– என்னா உளறுற? எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொடுத்தேன்?

– நாம மாத்துனது அண்ணி. பழைய ஃபைல்ல “கண்டீனுக்கு வந்த லோகேஸ்வரிக்கு”ன்னு இருந்துச்சு. “அன்புடன், லோகேஸ்வரி”ன்னு முடிஞ்சிருந்துச்சு. நடுவுல இருக்குற புஷ்பவள்ளி மட்டும்தான் அவங்க எழுதுனது. அந்த ‘ஷ்’ உங்க பேருல இருந்து வந்துருக்கு. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.

– புத்தகத்தையே எனக்குன்னு எழுதுனாளா? அப்ப சம்பாலுக்குக் கீழ எதுக்கு அவ பேரு?

– பேருக்கு முன்னாடி பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. “புஷ்பா சொல்லக் கேட்டு எழுதியவர்.” இந்தப் பக்கத்துல இப்ப புஷ்பா சொல்ல, புஷ்பவள்ளி எழுதியிருக்காங்க.

– ஐயோ, கண்ணாடி! கண்ணாடியை எடுக்காம வந்தேனே! அழிச்சிடு தம்பி, குரூப்ல இருந்து அழி!

– நாப்பது பேரு திறந்துட்டாங்க. மருதம்மாள் அக்கா பதில் போட்டிருக்காங்க.

– என்னான்னு?

– “என்னா புஷ்பா, உனக்கு நீயே மாலை போட்டுக்கிட்டியா?” அடியில சிரிக்கிற பொம்மை ஆறு. ஷீலாவும் சிரிக்குது. இன்னும் ரெண்டு பேரு.

– நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு கண்டீனுக்குப் போவேன்? அவ பார்த்துட்டாளா?

– பார்த்துட்டாங்க. லோகா அக்கா எழுதிக்கிட்டு இருக்காங்கன்னு காட்டுது.

– வரட்டும். நல்லா நாலு கேக்கட்டும். கேக்க வேண்டியதுதான். கேட்டா எனக்கும் கொஞ்சம் ஆறும்.

– நின்னுடுச்சு... திரும்ப எழுதுறாங்க... வந்துடுச்சு அண்ணி.

– நீயே படி. எனக்கு எழுத்தெல்லாம் கலங்குது.

– “யாரும் புஷ்பாவைப் பார்த்துச் சிரிக்காதீங்க. டைப் பண்ணிக் கொடுத்தது நான். அவசரத்துல பேரையெல்லாம் மாத்திப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. செலஸ்டின்கிட்ட சொல்லி நானே சரி பண்ணிடுறேன்.” அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான். உங்களுக்குத் தனியா ஒரு மெசேஜ்கூட இல்ல.

– அடிப்பாவி... என் தப்பையும் அவளே எடுத்துக்கிட்டாளே தம்பி.