நான் வாசிக்காத வரிகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பூனாவின் ஏரவாடாவில் யார் வீட்டுக்குத் தமிழ்க் கடிதம் வந்தாலும் ஜார்ஜண்ணனிடம் கொடு என்பார்கள். வாசித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் நான்தான்.

ஜோசபின் இங்கேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து தெரியாது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் லூர்து கன்னியாகுமரிக் கரையில் விசைப்படகுத் தொழிலாளி. அவன் கடிதங்கள் என் முகவரிக்கு வரும். எதிரே உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்கச் சிரிப்பாள், அழுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

எழுபத்தெட்டு அக்டோபரில் லூர்து எழுதியிருந்தான்: "படகு அடிப்பலகை இளகிட்டு. மொதலாளி கேக்க மாட்டேங்காரு. நீ வான்னு ஒரு வரி எழுதினா பூனாவுக்கே வந்திருவேன்."

அவன் வந்துவிட்டால் அப்புறம் கடிதம் எதற்கு? அந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

"தளேகாவ் கம்பெனில அவருக்கு வேலை சொல்லி வெச்சிருக்கேன். சீக்கிரம் வரச் சொல்லி எழுதுங்கண்ணா" என்றாள்.

இப்போது வர வேண்டாம் என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

அடுத்த மாதம் அந்தக் கரையின் பங்குச்சாமியார் எங்கள் கோயிலுக்கு எழுதினார். எங்கள் ஃபாதர் கோவாக்காரர், தமிழ் தெரியாது. கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார். படகு திரும்பவில்லை. ஏழு பேர். லூர்துவின் மனைவியிடம் பக்குவமாகச் சொல்லவும் என்றிருந்தது. சொல்லிவிட்டால் அவள் என் வீட்டுப் படி ஏற வேண்டிய அவசியமே இல்லையே.

அவர்கள் கோயில் கூரைக்காக ஜெபிக்கச் சொல்கிறார்கள் என்று ஃபாதரிடம் சொன்னேன். ஞாயிறு பூசையில் கூரைக்காக எல்லோரும் ஜெபித்தோம். ஜோசபினும் கைக்குழந்தையோடு முழங்காலில் நின்றாள்.

அதன் பிறகு லூர்துவின் கடிதங்களை நானே எழுதி நானே வாசிக்கிறேன். இங்கே வீடு சரியில்லை, கொஞ்சம் பொறு என்று எழுதுகிறேன். ஒரு வருடமாயிற்று.

நேற்று மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "என்னைப் பிடிக்காமப் போச்சா அவருக்கு? அப்படின்னா எழுதிரச் சொல்லுங்கண்ணா. பிள்ளையோட எங்கயாவது விழுந்து செத்துப் போறேன்."

என்னால் தாங்க முடியவில்லை. லூர்துவுக்கு உன் மேல் உயிர் என்றேன். அது உண்மையும்கூட.

இதைக் கொலை என்று நீங்கள் சொல்லக்கூடும். கடலுக்குப் போன அந்த ஏழு பேரில் ஒருவனையாவது இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவன் நான்தான்.