வடக்குச் சரிவில் வெயில்

ஹலோ... ஆமா சார், இங்கிலீஷ் மிஸ்தான்... மேப் ரூம்லதான் சார் இருக்கேன், வேற எங்க போவேன்... ஆமா ஆமா, மார்க் லிஸ்ட்டை வாங்கிட்டுப் போக உங்க அட்டெண்டர் வந்துட்டார். வந்து அரை மணி நேரமாச்சு. ஸ்டூலை வாசல்லயே போட்டு ஒக்காந்திருக்கார். நான் தண்ணி குடிக்கப் போகணும்னாக்கூட அவரைத் தாண்டித்தான் போகணும்... இல்ல சார், மார்க் லிஸ்ட்ல இன்னும் கையெழுத்துப் போடல.

திருத்தி முடிச்சுட்டேன் சார். நாப்பத்தோரு பேர் கட்டுரையும்... ஆமா, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணோடதும்தான்... பத்தொம்பது சார். இருபதுக்கு...

சார்... சார், ஒரு நிமிஷம்... நான் தூண்டிவிடல சார். ஜியாகரஃபி ஹெச்.ஓ.டி.யா நீங்கதான உங்க பசங்களுக்கு இங்கிலீஷ்ல கட்டுரை எழுதக் கத்துக்குடுங்கன்னு என்னைப் போட்டீங்க. அதத்தான் செஞ்சேன். பாடப்புத்தகத்துல ஏதாவது ஒரு விஷயத்த எடுத்துக்கோ, அது எங்கேருந்து வந்துதுன்னு தேடு, ரெண்டு பக்கம் எழுது. அவ்வளவுதான் வேலை. மத்த நாப்பது பேரும் மழை, மண்ணு, மக்கள்தொகைன்னு போயிட்டாங்க. இவ போயி நீங்க எழுதின புத்தகத்தக் கையில எடுப்பான்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்...

ஆமா, நாலாவது அத்தியாயம்தான்... மலையில வடக்குச் சரிவுலதான் வெயில் அதிகம்னு போட்டிருக்கீங்கல்ல, அது... எனக்குத் தெரியாது சார், எனக்குக் கிழக்கு எதுன்னே தடுமாறும். ஆனா அவ வீடு வடக்குச் சரிவுல இருக்காம். துணி காய ரெண்டு நாள் ஆகுமாம். அதான் சந்தேகம் வந்திருக்கு... தேடிப் பிடிச்சுட்டா சார். பூமியோட தென்பாதியில இருக்கற ஏதோ நாட்டுக்காக எழுதின பழைய புத்தகம். அங்க வெயில் வடக்குச் சரிவுல அதிகமா விழுமாம், நம்ம பக்கம் தெற்குலயாம். உங்க அத்தியாயத்துல பதினேழு பக்கம், வரிக்கு வரி அதேதானாம்... நான் சொல்லல சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கா.

மெதுவாத்தான் சார் பேசறேன்...

என்ன போடணும்... பூஜ்யமா... காரணம்... காப்பியடிச்சுட்டாள்னு போடணுமா... அவளா சார்... இல்ல, சிரிக்கல. இருமல். இந்த மேப்பெல்லாம் ஒரே தூசி...

எங்க வீட்டுக்காரரா... நல்லா இருக்கார் சார், நீங்க விசாரிச்சீங்கன்னு சொல்றேன்... ஆமா, இன்னும் வீட்டுலதான் இருக்கார். வேலை எதுவும் அமையல... தெரியும் சார். என்னோட பதினோரு மாசக் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த வருஷம்... மறக்கல. எப்படி மறப்பேன்.

முன்னுரையிலயா... ஆமா, போட்டிருக்கீங்க. இங்கிலீஷைத் திருத்திக் குடுத்தவங்கன்னு எம்பேரு இருக்கு... புரியுது சார். நீங்க மாட்டினா நானும் மாட்டுவேன். சுத்தி வளைக்காம சொல்லிட்டீங்க, சந்தோஷம்...

சார், அவ கட்டுரைய முழுசாப் படிச்சீங்களா... கடைசி பாரா... அதுல ஒண்ணு எழுதியிருக்கா. இந்தப் புத்தகத்தோட இங்கிலீஷைத் திருத்தினவங்களுக்கு இது கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும்னு. எம்பேர எழுதல. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு... அந்த ஒரு வரிக்குத்தான் சார் நான் ஒரு மார்க் கொறச்சேன். ஆதாரம் இல்லாம எதையும் எழுதக் கூடாதுன்னு பக்கத்துல சிவப்பு மையில போட்டேன். வருஷம் பூரா நான் தொண்டை கிழியக் கத்தற பாடம் அதுதான. அதை எழுதினதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல...

ஏன்னா, எனக்குத் தெரியும் சார். மொத மூணு அத்தியாயம், தப்பா நெனைக்காதீங்க, பக்கத்துக்கு முப்பது தப்பு. சிவப்புப் பேனா ரெண்டு தீந்துபோச்சு. நாலாவதுல ஒரு கமாவக்கூட நான் தொடல. தொட எதுவும் இல்ல. இது நீங்க எழுதினது இல்லன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷ ஆர்டர் வரணுமேன்னு வாய மூடிக்கிட்டேன்...

மிரட்டறேனா... என்கிட்ட என்ன இருக்கு சார் மிரட்ட. பயமாத்தான் இருக்கு. பேனா மூடியக் கழட்டவே கை வரல... ம்... ம்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லுங்க... ம்...

யோசிக்க அஞ்சு நிமிஷமா... வேண்டாம் சார். எழுதிட்டேன்... இப்பத்தான், நீங்க பேசிக்கிட்டிருக்கும்போதே. அவ எழுதின அந்த வரிக்கு ஆதாரம் நான்தான்னு அவ பேப்பர்லயே கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். கொறச்ச ஒரு மார்க்கையும் குடுத்துட்டேன்... இருபதுக்கு இருபது சார்.

கட்டுரையும் மார்க் லிஸ்ட்டும் உங்க ரூமுக்கு இல்ல... தேர்வு ஆபீசுக்கு. அட்டெண்டர் வேண்டாம், நானே கொண்டு போறேன்... சார்... ஹலோ... ஹலோ...

வெச்சுட்டார். அண்ணே, இப்ப உங்க போன் அடிக்கும். அதுக்கு முன்னாடி அந்த ஸ்டூலைக் கொஞ்சம் நகத்துங்க.