குப்புறவும் மல்லாக்கவும்

...சிரிக்காதீங்க! இந்த மேடையில எல்லாக் கட்சிக்காரங்களும் ஒரே சோபாவுல இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. சோபா எப்ப உடையுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. அது உடையறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லி முடிச்சிடறேன்.

ஒரு ஊரு. ரெண்டு கட்சி. நிஜப் பேரு சொல்லமாட்டேன்... நான் முழுசா வீடு போய்ச் சேரணும். பூசணிக்காய்க் கட்சி, புடலங்காய்க் கட்சின்னு வச்சுக்குவோம். பூசணிக்குக் கிளைச் செயலாளர் ராஜாமணி. புடலைக்கு வேம்பையன். ரெண்டு பேரு வீடும் ஏரிக்குக் கீழ, கீழத்தெருவுல. நடுவுல ஒரே சுவரு. ஆனா பேச்சுவார்த்தை? கிடையாது! இந்தப் பக்கம் இவரு பூசணி வரைஞ்சா, அந்தப் பக்கம் அவரு புடலை வரைவாரு. சுவரா அது? காய்கறிக் கடை!

ஐப்பசி மழை. ஏரி ரொம்பிடுச்சு. கரையில ஒரு இடத்துல மண்ணு சரிஞ்சு தண்ணி கசியுது. உடைஞ்சா... கீழத்தெருவுல ஒரு வீடு மிஞ்சாது. பஞ்சாயத்துத் தலைவி தமயந்தி ஓடி வந்தாங்க. அவங்க பூசணிக் கட்சி. மண் மூட்டை இருக்கு. மூட்டைக்கு அடியில விரிக்கத் தார்ப்பாய் இல்ல. சுத்திப் பார்த்தாங்க. நம்ம ஊருல எது இல்லாட்டியும் எது இருக்கும்? ...சொல்லுங்க! ஆங்... பேனர்!

"எல்லாத்தையும் கழட்டுங்கப்பா!"

ராஜாமணி குறுக்க வந்து நின்னாரு. "யக்கா! நம்ம தலைவர் மூஞ்சியில தண்ணி படறதா? முதல்ல புடலங்காயப் போடுங்க!"

வேம்பையன் விடுவாரா? "எங்க தலைவர அடியில போட்டு, மேல மண் மூட்டை ஏத்துவீங்களா? என் உசுரே போனாலும் விடமாட்டேன்!"

கரை கரையுது... வீடு போகப் போகுது... இவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பேனரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கட்டின பொண்டாட்டியக்கூட இப்படிப் பிடிச்சிருக்க மாட்டாங்க!

தமயந்தியம்மா விறுவிறுன்னு பஸ் ஸ்டாப்புக்குப் போனாங்க. அங்க அவங்க பொறந்தநாள் பேனரு. 'எங்கள் ஊரின் விடிவெள்ளியே!' வாயெல்லாம் பல்லா அவங்களே சிரிக்கிறாங்க. கயித்த அறுத்தாங்க. இழுத்துக்கிட்டு வந்து கரையில விரிச்சாங்க. தன் மூஞ்சி மேல தானே ஏறி நின்னாங்க!

"இந்தா... விடிவெள்ளி அடியில கிடக்கு. இதுக்கு மேல யாரு வர்றீங்க?"



ராஜாமணி தொண்டையக் கனைச்சாரு. "எங்க தலைவரும் வர்றாரு. ஆனா மல்லாக்கத்தான்! அவரு என்னிக்கும் குப்புற விழமாட்டாரு!" விரிச்சாரு.

வேம்பையன் பார்த்தாரு. "அப்ப எங்க தலைவர் அவருக்கு மேல! ஆனா குப்புற. மூட்டை அவரு மூஞ்சியில இடிக்கக் கூடாது!" விரிச்சாரு.

அப்புறம் என்ன? ஒருத்தர் மூட்டையத் தூக்க, இன்னொருத்தர் வாங்கி அடுக்க... கரை நின்னுது. கீழத்தெரு பொழைச்சுது.

கோடை வந்துது. தண்ணி வத்துச்சு. மூட்டைய எடுத்துப் பார்த்தா... ஐயையோ! சட்டசபையில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்காத ரெண்டு தலைவருங்களும், நம்ம ஏரியில மூக்கோட மூக்கு ஒட்டி, பிரிக்க முடியாமக் கிடக்கிறாங்க!

இதுல என்ன தெரியுது? தமயந்தியம்மா யாரையும் கட்சி மாறச் சொல்லல. பூசணி பூசணிதான், புடலை புடலைதான். 'ஒற்றுமையே உயர்வு'ன்னு அவங்க மைக் பிடிக்கவும் இல்ல. அடுத்தவன் தலைவன இறக்கச் சொல்றதுக்கு முன்னால தன் மூஞ்சியக் கொண்டுவந்து கீழ போட்டாங்க. அவ்வளவுதான். முதல்ல மேல ஏறுறவன் தலைவன் இல்லய்யா... முதல்ல அடியில கிடக்கிறவன்தான் தலைவன்! எனக்கு அந்தம்மாவ நினைச்சாப் பெருமையா இருக்கு.

சோபாவுல இருக்கிற பெரியவங்களே... வாசல்ல உங்க பேனரெல்லாம் பார்த்தேன். என் மூஞ்சி போட்டதும் ஓரமா தனியா ஒண்ணு இருக்கு. நல்ல கெட்டியான பேனரு. அடுத்த மழையில கரை கசிஞ்சா யாரையும் கேக்க வேணாம்... அத முதல்ல கழட்டிப் போடுங்க. மல்லாக்கவோ குப்புறவோ, உங்க இஷ்டம்!