துவைக்காத சட்டை

என் பெயர் விக்டோரியா. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் எட்வர்ட். புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் சர்ச் தெருவில் குடியிருக்கிறோம். வீட்டைப் பார்ப்பது தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, சபைப் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், வீட்டுக் கணக்கும் நானே எழுதுகிறேன். என் கணவரின் முதலாளி சரவணகுமார், அவருடைய பொருளை நான் திருடி வைத்திருப்பதாகக் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

என் கணவர் மூன்று வருடமாக கும்மிடிப்பூண்டி பக்கம் மேற்படி சரவணகுமாரின் ஷெட்டில் வேலை செய்கிறார். பழைய கார்களின் சைலன்சர் குழாயோடு வரும் கன்வெர்ட்டர் டப்பாவை வெட்டி, உள்ளே தேன்கூடு போல இருக்கும் கல்லை எடுத்து, மிஷினில் போட்டு மாவாக அரைப்பது அவர் வேலை. அந்த மாவை ஆசிட்டில் கரைத்து எதையோ எடுக்கிறார்கள், என்ன என்று கேட்டால் துரத்திவிடுவார்கள் என்று சொல்வார்.

சாயங்காலம் கிளம்பும்போது சட்டை, பேண்ட்டை அங்கேயே கழற்றிப் போட்டு, செருப்பை ஒரு தட்டின் மேல் உதறி, அங்கேயே குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். துணியை ஷெட்டிலேயே துவைத்துக் கொடுத்தார்கள். இந்த மூன்று வருடத்தில் வேலைச் சட்டைக்கென்று நான் சோப்பு வாங்கியதே இல்லை. எவ்வளவு நல்ல முதலாளி என்று சரவணகுமாருக்காக முழங்கால் போட்டு ஜெபம் செய்திருக்கிறேன்.

போன மழைக்காலம் முதல் என் கணவருக்கு இருமலும் இளைப்பும் இருந்தது. மூக்குக்குப் போட மாஸ்க் கேட்டதற்கு, சூப்பர்வைசர் ரகு, "துண்டக் கட்டிக்கோ நைனா, நீ இன்னா டாக்டரா?" என்று சிரித்தாராம்.

அதன் பிறகு, போன செவ்வாய்க்கிழமை அரைக்கும் மிஷின் பக்கத்தில் என் கணவர் மூச்சுவிட முடியாமல் விழுந்துவிட்டார். கூட வேலை செய்யும் பச்சையப்பன் அவரைப் போட்டிருந்த சட்டையோடு லோடு ஆட்டோவில் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே நர்சம்மா சட்டையைக் கழற்றி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். டாக்டரம்மா, "அவர் என்ன தூளைச் சுவாசிச்சார்னு தெரிஞ்சாத்தான்மா சரியா வைத்தியம் பார்க்க முடியும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவே முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, இது பழைய இரும்பு வெட்டும் இடம், வெறும் துருதான், ஆள் பீடி பிடிப்பான் என்று பதில் சொல்லியிருக்கிறார். என் கணவர் பீடியைக் கையாலும் தொட்டதில்லை. எங்கள் சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

அதன் பிறகு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், அந்தச் சட்டையை ஊற வைக்க பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். அப்போது ரகு போன் செய்தார்.

"யக்கா, அண்ணன் சட்ட உங்கிட்டயா கீது?"

"ஆமா, ஊற வைக்கப் போறேன்."

"ஐயோ, வச்சிட்டியா? வச்சிட்டன்னா அந்தத் தண்ணியக் கீழ ஊத்தாத! பக்கெட்டோட அப்டியே வையி, நான் வந்து எடுத்துக்கறேன்."

"ஆளு எப்டி கீறாருன்னு ஒரு வார்த்த கேட்டியாடா நீ?"

அதற்கு ரகு போனை வைத்துவிட்டார். அழுக்குத் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் துணி துவைத்தது எங்களுக்காக அல்ல, அதில் ஒட்டிய தூளுக்காக. சட்டையைத் தண்ணீரில் போடாமல், நான் திருவிருந்துக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அதன் பிறகு மறுநாள் காலை சரவணகுமாரும் ரகுவும் காரில் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முதலாளி, "இன்னாம்மா, ஒரு பழைய சட்டைக்கு இவ்ளோ பேஜாரு? கம்பெனி சொத்து அது, குடுத்துடு" என்றார். என் கணவரைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை. "அவரு நெஞ்சுக்குள்ள கீறதும் உன் தூள்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அதையும் தட்டுல ஒதறி எடுத்துக்கினு போ" என்று தெருவே கேட்கச் சொன்னேன். சொன்னதற்கு வருத்தமில்லை. அவர்களை அடிக்கவில்லை, அசிங்கமாகத் திட்டவில்லை.

இன்று நிலையத்தில் ஏட்டையா எனக்குப் புகாரைப் படித்துக் காட்டினார். நான் வைத்திருக்கும் சட்டையில் பிளாட்டினம் முதலான விலையுயர்ந்த உலோகம் கலந்த தூள் இருப்பதாக அதில் சரவணகுமாரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டாக்டரிடம் துரு, போலீசிடம் பிளாட்டினம். வெளியே போகும் தூளுக்குத் தட்டு வைத்தவர்கள், மூக்குக்குள் போகும் தூளுக்கு ஒரு முழத் துணி கொடுக்கவில்லை.

என் கணவர் இன்னும் ஆக்சிஜனில்தான் இருக்கிறார். புகாரின் நகல் ஒன்று இன்றே டாக்டரம்மா கைக்குப் போக வேண்டும். சட்டையை உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சரவணகுமார் கையில் கொடுக்கச் சம்மதமில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. பொய்யென்றால் கர்த்தருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் நான். எழுதி முடித்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓரிடத்தில் "திருடிய சட்டை" என்று இருந்தது. அடிக்கச் சொன்னேன். ஏட்டையா அடித்துவிட்டு "கணவரின் சட்டை" என்று எழுதினார். அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
எ. விக்டோரியா