ஃபாதியஸ் வீட்டு முப்பத்தொரு பேர்

எனக்கு வெந்நீர் ஆகாது, ஐயா. உடம்பு சிவந்து அரிப்பெடுக்கும். அதனால்தான் வீட்டில் குளியலறை கட்டவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் துடைத்துக்கொள்வதோடு சரி. அக்கம்பக்கத்தில் இதற்கு வேறு காரணம் கற்பிக்கிறார்கள். ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தாலஸ். இன்று ரோமாபுரியின் குடிமகன். அவென்டைன் குன்றில் சொந்த வீடு, ஆறு அடிமைகள். இருபது வருடத்துக்கு முன்பு நானும் அடிமைதான். ஃபாதியஸ் என்ற தானிய வியாபாரியின் வீட்டில் முப்பத்தொரு பேர் இருந்தோம். அவரைக் குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. தண்ணீர் சுமந்தவன் டிஸாஸ், திரேஸ் நாட்டுக்காரன். வாய் ஓயாது.

"அண்ணே, ஐயாவோட வழுக்க மண்டைக்கு இன்னுங் கொஞ்சம் எண்ணெய் போடுங்க. வெளக்குச் செலவாவது மிச்சமாகும்" என்பான், குடத்தை இறக்கிக்கொண்டே. நான் இருமுவதுபோல் சிரிப்பை மறைப்பேன். அடிமைக்குச் சட்டப்படி கல்யாணம் ஏது? ஆனாலும் அவனோடு அம்பேலிஸ் என்றொருத்தி வாழ்ந்தாள். குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புக்கு விறகு தள்ளுவாள்.

ஃபாதியஸ் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை சவரத்தில் கன்னம் கீறிவிட்டதென்று நாவிதனைச் சிலுவையில் ஏற்றினார். மூன்று நாள் உயிர் இருந்தது. தினமும் எங்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் நின்றாலே எண்ணெய்க் குப்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அன்று உச்சிப்பொழுது. தொட்டியைவிட்டு ஏறியவருக்குப் படியில் கிடந்த எண்ணெயில் கால் வழுக்கியது. பின்மண்டை பளிங்கு விளிம்பில் மோதியது. எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் தெரியாது என்றேன். நான்தான் சிந்தினேன். துடைக்க மறந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத சட்டமில்லை. யஜமான் அடிமை கையால் செத்தால், அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேருக்கும் சித்திரவதை, பிறகு மரணம். வழுக்கி விழுந்தார் என்று சொன்னால் அவருடைய அண்ணன் மகன் நம்பமாட்டார். எங்களைக் கண்டாலே ஆகாதவர்.

முற்றத்துக்கு வந்து சொன்னேன். சமையல்காரி மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தொரு சிலுவைக்கு மரம் எங்கடா கெடைக்கும்?" என்று தோட்டக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் வேண்டும் போலிருந்தது. அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. யாராவது ஒருவர் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது.

கொலைகாரன் ஒருவன் கையில் கிடைத்துவிட்டால், சத்தம் எட்டாத இடத்தில் இருந்தவர்களை விட்டுவிடுவார்கள். எல்லோரையும் பின்கட்டுத் தானியக் கிடங்குக்கு அனுப்பினேன். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தோம் என்று சொல்லச் சொன்னேன். அடுப்படியில் இருந்த அம்பேலிஸ் என் நினைவுக்கு வரவில்லை. டிஸாஸ் தெருக்குழாய்க்குப் போயிருந்தான். இரண்டு குடத்தோடு பாடிக்கொண்டே திரும்பி வந்தான். அதற்குள் செய்தி கேட்டு வந்த அண்ணன் மகனின் ஆட்கள் வாசலில் நின்றார்கள். கை நீட்டிக் காட்டினேன்.

"என்னண்ணே, வெளையாடுறீங்களா?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. "அண்ணே, குழாயடில கேட்டுப் பாக்கச் சொல்லுங்கண்ணே."

குழாயடியில் அவனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் அடிமைகள். சித்திரவதை செய்யாமல் வாங்கிய அடிமையின் சாட்சி செல்லாது. தண்ணீர்க்காரன் ஒருவனுக்காகத் தன் அடிமையின் எலும்பை முறிக்க எந்த யஜமான் கொடுப்பார்?

இவ்வளவோடு முடிந்திருக்கும். அம்பேலிஸ் அடுப்படியிலிருந்து கரி முகத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு தண்ணிக்குல்ல போயிருந்தாரு. நீங்கதானே உள்ள இருந்தீங்க. விழுந்ததுக்கப்புறமும் ஐயா பேசினாரே, எனக்குக் கேட்டுச்சே. 'துண்டை எடுடா, தாலஸ்'னு மூணு தரம் சொன்னாரே."

ஆகவே, அவள் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தாள் என்பதை அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. காதில் விழுந்தும் உதவிக்கு ஓடாத அடிமைக்கும் அதே தண்டனைதான். அந்தச் சட்டத்தை நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. விழுந்தபோது ஃபாதியஸுக்கு உயிர் இருந்தது. அவர் கண் முதலில் படியைப் பார்த்தது. பிறகு எண்ணெய் வழிந்த என் கையைப் பார்த்தது. எனக்கு நாவிதன் நினைவு வந்தது. துண்டை நான்காக மடித்து அவர் முகத்தில் வைத்தேன். எதிர்பார்த்ததைவிட நேரமாயிற்று. அவர் பிழைத்திருந்தால் ஒரே ஒரு சிலுவைதான் தேவைப்பட்டிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கோபத்தில் அவர் யாரைத் தொங்கவிடுவார், யாரை விடுவார் என்று யாரால் சொல்ல முடியும்? முப்பத்தொரு பேரையும் மனதில் வைத்துத்தான் அழுத்தினேன்.

கொலைகாரனைக் காட்டிக்கொடுத்ததற்குச் சட்டப்படி எனக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றவர்கள் அணியும் குல்லாயைத் தலையில் வைத்தார்கள். சிலுவையில் உயிர் போக டிஸாஸுக்கு ஐந்து நாள் ஆயிற்று, அவளுக்கு இரண்டு. மற்ற இருபத்தெட்டுப் பேரும் பிழைத்தார்கள். அதில் ஒருவர்கூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றியை எதிர்பார்த்து நான் செய்யவில்லை.

இப்போது அதிகாரியான உங்களிடம் ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். பயமாக இருக்கிறது, ஐயா. என் அடிமைகளில் ஒருத்திக்குப் பதினெட்டு வயது. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறாள். என் கஞ்சியை அவளைக் குடிக்கவைத்துவிட்டுத்தான் நான் குடிக்கிறேன். முந்தாநாள் தரை துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஐயா, நீங்களும் எங்களாட்டம் இருந்தவருதானாமே? விடுதலை எப்படிங்கையா கெடச்சுது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லையே என்பீர்கள். பயந்த அடிமை என்னவெல்லாம் செய்வான் என்று உங்களுக்குத் தெரியாது. அவள் முந்திக்கொள்வதற்குள் விசாரித்துவிடுங்கள். கருவிகளை வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

எழுதிக்கொள்கிறீர்கள், நல்லது. அவள் பெயர் பிலுமினா. பிழையில்லாமல் எழுதுங்கள்.