சின்யோரா அசுந்தாவின் கையெழுத்து

— அக்கா, கதவைத் திற! கெதியாத் திற அக்கா!

— பொறடா, பொறு. கதவை உடைக்காதை. சின்யோரா படுத்திருக்கிறா.

— எழுப்பு. எழுப்பி உடுப்பு மாத்திவிடு. ஒரு மணிக்கு முன்னம் அவ என்னோடை கோர்ட்டுக்கு வரவேணும், சொல்லிப்போட்டன்.

— கோர்ட்டுக்கோ? தொண்ணூறு வயசு மனிசியையோ? உனக்கென்ன விசரே, சாந்தன்?

— எனக்குப் பிடியாணை அக்கா. காலமை ஏழு மணிக்கு ரெண்டு கரபினியேரிப் பொலிஸ் துவக்கோடை எங்கடை பிரான்காச்சோ வீட்டு வாசல்லை வந்து நிண்டவங்கள். நல்லகாலம், நான் துறைமுகத்துக்கு வேலைக்கு வெளிக்கிட்டிட்டன். என்ர மனிசி தனுசியாதான் போன் அடிச்சாள், "வீட்டுப் பக்கம் வராதேங்கோ" எண்டு.

— ஐயோ. என்னடா செய்தனீ?

— ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பகிடி. ரெண்டு வரியத்துக்கு முன்னம் துறைமுகத்திலை பெட்டி விழுந்து அருளையா அண்ணைக்குக் கால் நசுங்கினதெல்லோ? அதைக் கண்ட சாட்சி நான். சாட்சி சொல்ல வா எண்டு மூண்டு தரம் கடிதம் போட்டிருக்கினம். மூண்டு தரமும் நான் போகேல்லை. இப்ப ஆளைப் பிடிச்சுக் கொண்டு வாங்கோ எண்டு நீதவான் எழுதிப்போட்டார்.

— கடிதமோ... எந்த விலாசத்துக்கு?

— வேறை எந்த விலாசம்? இந்த விலாசம்தான். எங்கடை பிளட்டிலை தபால்பெட்டியெல்லாம் உடைஞ்சு கிடக்கு. வாக்குமூலம் குடுக்கேக்கை சின்யோரா வீட்டு விலாசத்தைக் குடு எண்டு நீதானே சொன்னனீ. எங்கடை சனத்திலை பாதி தாங்கள் வேலை செய்யிற வீட்டுச் சின்யோராமாரின்ர விலாசத்திலைதானே கடிதம் வாங்குது.

— எனக்கொரு கடிதமும் தெரியாது.

— உனக்குத் தெரியாட்டில் பரவாயில்லை. எனக்குத் தெரியும். அவணுக்குள்ளை கிடக்கு.

— என்ன?

— குசினியிலை, கேக் சுடுற அவணுக்குள்ளை. நீ ஒருநாளும் மூட்டாத அவண். நகரு, பாக்கிறன்... இந்தா. பார். மூண்டு பச்சை உறை. ஒட்டினது ஒட்டினபடி. கோர்ட்டு முத்திரை.

— சாந்தன், உனக்கு ஆர் சொன்னது?

— உன்ர சின்யோராதான். ஒளிக்க இடமில்லாமல் காலமை ஒன்பது மணிக்கு இஞ்சை ஓடி வந்தனான். கீழை நிண்டு பெல் அடிச்சால் இன்ரர்கொம்மிலை அவ கதைக்கிறா. "ராணி இல்லை. பச்சைக் கடிதம் அவணுக்குள்ளை" எண்டா. கிழவிக்கு அறளை பேந்திட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு சட்டத்தரணி அவ்வொகாத்தோவின்ர கந்தோருக்குப் போனன். அங்கை எங்கடை ஜெனனி வேலை செய்யிறாளெல்லோ, அவள் கோர்ட்டிலை என்ர ஃபைலைத் தேடி எடுத்தாள். பச்சைக் கடிதம் மூண்டாம். மூண்டையும் சின்யோரா அசுந்தா கையெழுத்து வைச்சு வாங்கியிருக்கிறாவாம். அப்பதான் எனக்குப் பொறி தட்டினது.

— ஒன்பது மணிக்கோ? இன்ரர்கொம்மிலையோ?

— ஓம்.

— குரல்... குரல் எப்பிடி இருந்தது?

— இதென்ன கேள்வி? அவவின்ர குரல்தான். இருமி இருமி. கன நாளைக்குப் பிறகு என்னை "சாந்தோ" எண்டும் கூப்பிட்டா, முந்தின மாதிரி.

— சாந்தோ எண்டோ...

— நீ ஏன் வெளிறிப் போறாய்? நான் அவவைக் கோவிக்கேல்லை. வயசுபோன மனிசி, வாங்கி வைச்சிட்டு மறந்துபோனா. வந்து நீதவானுக்கு முன்னாலை ஒரு சொல்லுச் சொன்னால் காணும்: "நான்தான் வாங்கினனான், பெடியனிட்டைக் குடுக்கேல்லை." ஆணையைக் கிழிச்சுப் போடுவார். இல்லாட்டில் நான் வேணுமெண்டு ஒளிச்சவன் எண்டு புது வழக்கு வரும். அடுத்த மாசம் என்ர பேர்மெசோ விசா புதுப்பிக்க வேணும். வழக்கோடை குவெஸ்தூராப் பொலிசுக்குப் போனால் தருவாங்களே? ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு நான் எங்கை போறது, முல்லைத்தீவுக்கோ?

— பொறு. கேட்டுப்பாக்கிறன். நீ இதிலை நில். உள்ளை வராதை. அவவுக்குக் காத்துப் படக்கூடாது.

— சரி, அதுக்கேன் கதவைச் சாத்திறாய்?

— சின்யோரா... தம்பி வந்திருக்கிறான், சின்யோரா. உங்களைக் கோர்ட்டுக்கு வரட்டாம்.

— சோனோ ஸ்தாங்கா, ஃபில்யோ மியோ... சோனோ ஸ்தாங்கா...

— கேட்டியே? களைச்சுப்போனன் மகனே எண்டுறா. அவவாலை ஏலாது.

— ஞாயிறு ஞாயிறா நான் வரேக்கையும் உந்த ஒரு வசனம்தான். எட்டு மாசமாக் கதவுக்கு வெளியிலை நிண்டு உதையே கேக்கிறன். காலமை மட்டும் வடிவாக் கதைச்சவ. விலகு, நான் கேக்கிறன்.

— வேண்டாம்! சாந்தன், கதவிலை கை வையாதை!

— சின்யோரா, கோவிக்காதேங்கோ, ஒரு அரை மணித்தியாலம்...

— தம்பி...

— அக்கா. கட்டிலிலை ஆரும் இல்லை. மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருக்கு. அலுமாரி வெறுமன். நீ... நீ இப்ப ஆரோடை கதைச்சனீ?

— "சோனோ ஸ்தாங்கா, ஃபில்யோ மியோ."

— நிப்பாட்டு! உன்ர வாயிலையிருந்து அந்தக் குரல் வரேக்கை எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது.

— எட்டு மாசமா நான்தான்ரா. போன கோடையிலை மகன் வந்து அவவைத் தன்ர ஊர் தூரினோவுக்குக் கொண்டுபோட்டான். "என்னை என்ர வீட்டிலை சாகவிடு" எண்டு படியிலை இருந்து குழறினவ. அங்கைதான் செத்துப்போனவ. வீட்டைப் பூட்டித் திறப்பை அனுப்பு எண்டான் மகன். இருந்தது ரெண்டு திறப்பு. ஒண்டை அனுப்பினன், மற்றதை வைச்சிருந்தன். என்ர பேர்மெசோவும் இந்த விலாசத்திலைதானே கிடக்கு, நான் எங்கை போவன்? சின்யோரா திரும்பி வந்திட்டா, ஆரையும் பாக்கமாட்டா எண்டு பக்கத்து வீட்டுச் சனத்துக்குச் சொன்னன். உனக்கும் அதையே சொன்னன். உன்ர வாயிலை ஒரு சங்கதி நிக்குமே?

— அப்ப இந்தக் கடிதங்கள்?

— தபால்காரன் கோர்ட்டு முத்திரையோடை வந்து நிண்டான். உறையிலை உன்ர பேர்தான், ஓம். ஆனால் என்னை இந்த வீட்டிலையிருந்து எழுப்பத்தான் ஏதோ துவங்கியிருக்கு எண்டு நினைச்சன். சின்யோராவிட்டைக் கையெழுத்து வாங்கியாறன் எண்டு துண்டை உள்ளை கொண்டுவந்து, அவவின்ர பேரை நானே கிறுக்கிக் குடுத்தன். உன்னட்டைத் தாறதெண்டால் முழுக்கதையும் சொல்லவேணும். நாளைக்கு, நாளைக்கு எண்டு மூண்டு கடிதம் சேந்துபோச்சு.

— பொறு, ஜெனனி அடிக்கிறாள். ஸ்பீக்கரிலை போடுறன். நீ மூச்சு விடாதை. ஓம் பிள்ளை?

— அல்லோரா மாமா, எங்கை நிக்கிறீங்கள்? உங்கடை விசயத்தைக் கடைசியா எடுக்கச் சொல்லி அவ்வொகாத்தோ கேட்டிருக்கிறார். சின்யோரா வாறாவோ?

— இல்லைப் பிள்ளை. அவவுக்குச் சுகமில்லை. நான் தனிய வாறன். கடிதம் எல்லாம் கிடைச்சது, நான்தான் பஞ்சிப்பட்டு வரேல்லை எண்டு சொல்லுறன்.

— மா நோ, மாமா! அப்பிடிச் சொன்னால் எல்லாம் முடிஞ்சுது! உங்கடை பேர்மெசோவும் போயிடும்!

— போனைத் தா தம்பி.

— அக்கா, வேண்டாம். உன்னைக் கொண்டுபோவாங்கள்.

— தா எண்டுறன். ஜெனனி, ராணி மாமி கதைக்கிறன். அந்தக் கையெழுத்துகளிலை என்னென்ன திகதி இருக்கு?

— அல்லோரா... நவம்பர் பன்னிரண்டு. ஜனவரி இருபது. மார்ச் நாலு.

— சின்யோரா அசுந்தா தூரினோவிலை செத்தது செப்ரெம்பர் ஒன்பது. அந்த ஊர்ப் பதிவிலை இருக்கும், எடுத்துப் பார். செத்த மனிசி வாங்கின கடிதம் என்ர தம்பிக்கு எப்பிடிக் கிடைக்கும் எண்டு நீதவானைக் கேள். உறை மூண்டும் உடைக்காமல் அப்பிடியே இருக்கு. அவன் கொண்டுவாறான்.

— மாமி... அப்ப கையெழுத்து ஆர் வைச்சது எண்டு கேப்பினமே.

— நான் எண்டு சொல்லு. நானும் வாறன்.

— ஓக்கே மாமி. பஸ்ஸுக்கு நிக்காதேங்கோ. டாக்சி பிடியுங்கோ.

— வைச்சிட்டாள். வா, வெளிக்கிடுவம். உறையளை எடுத்தனியே?

— எடுத்திட்டன். அக்கா, ஒண்டு சொல்லட்டே? உனக்கு இதை எப்பிடியும் சொல்லிமுடிக்க வேணும் எண்டு மனசுக்குள்ளை இருந்திருக்கு. இல்லாட்டில் காலமை நீயே இன்ரர்கொம்மிலை கிழவியின்ர குரலிலை அவணைக் காட்டித் தந்திருக்கமாட்டாய்.

— அவ உன்னை "சாந்தோ" எண்டு கூப்பிடுறது எனக்கு மறந்தே போச்சு, தம்பி. இந்த எட்டு மாசத்திலை ஒருக்காலும் நான் அந்தப் பேரைச் சொல்லேல்லை.

— அப்ப காலமை...

— காலமை ஒன்பது மணிக்கு நான் பல்லரோச் சந்தையிலை மீன் வெட்டுவிச்சுக்கொண்டு நிண்டனான். வீடு பூட்டிக் கிடந்தது. திறப்பு என்ர கையிலை இருந்தது.